பூனை தூக்கிப் போன கோழி

அந்த ஐப்பசியில் எங்கள் ஊர்க் கோழிகளுக்குச் சீக்கு வந்தது. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் எல்லாக் கோழியும் வெளியே ஓடும். ஒன்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். மத்தியானத்துக்குள் அது கழுத்தைத் தொங்கப் போட்டுவிடும். மறுநாள் அதன் பக்கத்தில் நின்ற கோழி. இப்படியே ஒரு பஞ்சாரம் காலியானதும் சீக்கு அடுத்த வீட்டுக்குப் போகும்.

எங்களுக்கு அடுத்த வீடு பெரியப்பா வீடு. அடுத்த வீடு என்று சொல்வதே தப்புதான். ஒரே வீடு, நடுவில் ஒரு மதில். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது முற்றத்தின் நடுவே மண்ணைக் குழைத்து அந்தச் சுவரை வைத்தார்கள். பெரியவர்கள் எக்கி நின்றால் கை அந்தப் பக்கம் போய்விடும், அவ்வளவு உயரம்தான். அவர்கள் வீட்டில் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். எங்கள் வீட்டில் எனக்கு அடி விழுந்தால் பெரியம்மா அங்கிருந்தபடியே, "போதும் விடுட்டி, பிள்ளை செத்துரப் போறான்" என்பாள். அம்மாவும் விட்டுவிடுவாள்.

சண்டைக்குப் பிறகு அந்தக் குரலும் நின்றுபோனது.

சண்டை ஒரு வேப்பமரத்தால் வந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாகக் காட்டில் நின்ற மரம். கரிசல் காட்டில் நிழல் என்பது லேசில் கிடைக்காது. உழுதுவிட்டு வந்து அப்பா அந்த மரத்தடியில்தான் தூக்குச்சட்டியைத் திறப்பார். பெரியப்பா ஒருநாள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கரிமூட்டம் போடுகிறவருக்கு அதை விற்றுவிட்டார். அப்பா போய்ப் பார்த்தபோது மரம் இல்லை, மூடு மட்டும் இருந்தது. அந்த மூட்டின்மேல் ஏறி நின்று, ஊர்க்காரர்கள் கேட்கச் சத்தியம் பண்ணினார்.

"இனிமே என் வீட்டுல இருந்து அந்த வீட்டுக்கு ஒரு கல்லு உப்பு போவாது. போச்சுன்னா நான் மனுசனே இல்ல."

அப்பா ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. அதனால் பெரியப்பா வீட்டு ஆட்கள் கிழக்கே போனால் நாங்கள் மேற்கே போனோம். அம்மாவும் பெரியம்மாவும் குழாயடியில் ஒருவர் குடம் நிறைகிறவரை மற்றவர் தூரத்தில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தாக இருந்தது ஒரே ஒரு பூனைதான். சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்திருக்கும். யார் வீட்டுப் பூனை என்று யாரும் முடிவு பண்ணவில்லை. காலையில் மதில்மேல் ஏறி இங்கன குதிக்கும், மத்தியானம் ஏறி அங்கன குதிக்கும். அதற்குச் சத்தியம் கித்தியம் ஒன்றும் கிடையாது.

இந்த நேரத்தில்தான் பெரியப்பா மகள், எங்கள் அக்கா, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பெரியம்மா ஆறேழு மாதமாக அவளுக்கென்று கோழி வளர்த்தாள். பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழியில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு நல்லெண்ணெய் விட்டுச் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் பால் ஊறும், இடுப்பு இறுகும் என்பார்கள். கடையில் விற்கிற வெள்ளைக்கோழியை அதற்கு ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். பிள்ளை பிறந்த அதே வாரத்தில் சீக்கு பெரியப்பா வீட்டுப் பஞ்சாரத்துக்குள் நுழைந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் குப்பைக்கிடங்கில் குழி தோண்டிப் புதைத்தார்கள். முதல் கோழி விழுந்த அன்றைக்குப் பெரியம்மா அதைப் பார்த்துப் புலம்பியது மதிலுக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

அம்மா கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்டாள். பிறகு அரிவாள்மணையை எடுத்துக் கழுவினாள்.

"சீக்கு மதிலத் தாண்டுததுக்குள்ள நாம முந்திக்கிடணும்" என்றாள் அப்பாவிடம். நல்லபடியாக நின்ற எங்கள் கோழிகள் எல்லாம் அன்றைக்கே அறுபட்டன.

எனக்கு அது திருநாள். இறகைப் பிய்த்து, மஞ்சளைத் தடவி, பனையோலைத் தீயில் அம்மா ஒவ்வொரு கோழியாக வாட்டினாள். தோல் சுருங்கி மினுமினுவென்று ஆகும்போது ஒரு வாசம் வரும் பாருங்கள், கடையில் தோலை உரித்துப் பையில் போட்டுத் தருகிற கோழியில் அதை நீங்கள் தேடவே முடியாது. ஈரலையெல்லாம் தணலில் சுட்டு எனக்குக் கொடுத்தாள். வயிறு முட்டத் தின்றேன். ஆனால் அவ்வளவு கறியையும் எத்தனை நாளைக்குத் தின்பது? குளிர்பெட்டி எல்லாம் அப்போது எங்கள் ஊரில் யாரிடமும் இல்லை.

வெயில் காலமாக இருந்தால் கவலை இல்லை. உப்புக்கண்டம் போட்டு, கயிற்றில் கோத்து, கூரைமேல் காயவிடலாம். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? மூட்டம் போட்ட வானம் அப்படியே நின்றது. வெளியே காலை வைத்தால் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பும்போது நாம் ஒரு சாண் வளர்ந்து வந்திருப்போம். அதனால் அம்மா புகையில் காயவைப்பது என்று முடிவு பண்ணினாள்.

கோழிகளை முதுகு வழியாகப் பிளந்து, துண்டம் போட்டு, கல்லுப்பும் மஞ்சளும் இடித்த மிளகாயும் வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஒரு மண்பானைக்குள் அடுக்கி, மேலே அம்மிக்குழவியைப் பாரம் வைத்தாள். மறுநாள் பார்த்தால் கறி தண்ணீராக விட்டிருந்தது. அதை வடித்து, துடைத்து, அடுப்புக்கு மேலே விட்டத்தில் கட்டிய கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். கீழே உடைமர விறகு எரிந்து தணலானதும் அதன்மேல் ஈரக் கம்பு உமியைத் தூவுவாள். தீ பிடிக்கக் கூடாது. பிடித்தால் கறி வெந்து போகும். அணையவும் கூடாது. உமி உள்ளுக்குள்ளேயே கனிந்து புகைந்துகொண்டே இருக்க வேண்டும். "ஏலே, கண்ணு அங்கனயே இருக்கட்டும், சடசடன்னு சத்தம் கேட்டா ஒரு கை உமி போடு" என்று என்னை உட்கார வைத்துவிட்டு அவள் மற்ற வேலையைப் பார்ப்பாள். எனக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகும். சட்டை, தலைமுடி, புத்தகப் பை எல்லாம் கோழி நாறியது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவன் அடிக்கடி என்னை மோந்து பார்த்துவிட்டு, "உன்னப் பாத்தா பசிக்குலே" என்பான்.

நாலைந்து நாளில் துண்டங்கள் சிவந்து, இறுகி, தேன்கட்டி நிறத்துக்கு வந்தன. சாயங்காலம் காட்டிலிருந்து வந்ததும் அப்பா அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்து குளிர்காய்வார். அண்ணாந்து கம்பியைப் பார்ப்பார். ஒருமுறை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொள்வார். களத்தில் அம்பாரமாகக் குவித்த கம்பைப் பார்க்கிற அதே பார்வை.

ஒருநாள் அந்தப் பார்வை நடுவில் நின்றது. கம்பியில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"இங்கன ஒண்ணு தொங்குச்சே?"

"பூனை" என்றாள் அம்மா, சோற்றைக் கிளறிக்கொண்டே.

அப்பா பூனையைத் திட்டினார். இரண்டு நாள் கழித்து இன்னோர் இடம் காலியானது. மறுபடியும் பூனை. பிறகும் அப்படித்தான். அம்மாவுக்குக் கோபம் வந்ததாகவே தெரியவில்லை. ஒரு குத்துக் கருவாட்டைத் தொட்டதற்காக இதே பூனையை விளக்குமாற்றோடு தெருமுனை வரை விரட்டினவள் அவள். எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது. கண் எரிய, மூக்கு எரிய, புகை போட்டவன் நான். திங்கிறது பூனையா?

நான் காவல் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையில் விளக்குமாற்றோடு அடுப்படியில் உட்காருவேன். நான் இருக்கும்போது ஒன்றும் குறையாது. காலையில் நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான் குறையும். நல்ல கெட்டிக்காரப் பூனை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் அம்மா இன்னொரு வேலையும் செய்தாள். காலையில் எழுந்ததும் சுளகில் மிளகாய் வற்றலைப் பரப்பி மதில்மேல் காயவைப்பாள். வானத்தில் வெயில் ஒரு பொட்டு இருக்காது. தூறல் விழுந்தால்கூட உடனே எடுக்க மாட்டாள். மிளகாய் காயவே இல்லை. ஊறிப் போய்க் கிடந்தது. அதைப் பற்றி எனக்கு என்ன? என் கவலை பூனை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்கு உண்மை பிடிபட்டுவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். மதிலோரம் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமிருந்து மிளகுச்சாறு வாசம் வந்தது. வெறும் மிளகுச்சாறு இல்லை. அதற்குள் புகை வாசம் இருந்தது, கம்பு உமியில் போட்ட புகை. என் சட்டை வாசம். நான் மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். பூனை மதில்மேல் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, பூனை நம்ம கோழியத் திங்கல."

அப்பா சோற்று உருண்டையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"தூக்கிட்டுப் போயி பெரியப்பா வீட்டுல குடுக்குது. அவிய அதுல சாறு வைக்காவ. நான் மோந்து பாத்தேன். அந்தப் பூனை அவியளுக்குத்தான் வேலை பாக்கு."

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா அம்மா பக்கம் திரும்பினார். அம்மா பானைக்குள் எதையோ தொலைத்தவள் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்கி, பிறகு அடங்கியது. அப்பா உருண்டையை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார்.

"பூனைன்னா அப்படித்தாம்லே" என்றார். "சோத்தத் தின்னு."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சத்தியம் பண்ணின மனுசன் எழுந்து கம்பை எடுக்க வேண்டாமா? சரி, அப்பாவுக்கு வேலை அலுப்பு, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். அவரிடம் பூனை செய்கிற துரோகத்தை விளக்கமாகச் சொன்னேன். மாமா எதையும் யோசிக்கிற ஆள் இல்லை. ஒரு கோழிக் கழுத்தைக் காட்டிப் பூனையைச் சாக்குக்குள் வரவழைத்து, வாயைக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அம்மா அப்போது குழாயடியில் இருந்தாள்.

பஸ்ஸில் நடந்ததை மாமா பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பஸ் கிளம்பியதும் சாக்கு கத்தத் தொடங்கியிருக்கிறது. கண்டக்டர் வந்து, "சாக்குல என்ன?" என்றிருக்கிறார்.

"கோழி, அண்ணாச்சி."

"கோழி இப்படியா கத்தும்?"

"சீக்குக் கோழி அண்ணாச்சி, தொண்டை கட்டியிருக்கு."

சீக்கு என்றதும் பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து தள்ளிப் போய்விட்டார்களாம். மாமா கோவில்பட்டி வரை கால் நீட்டி உட்கார்ந்து போனார். கழுகுமலையில் கோயில் தெருவில் சாக்கை அவிழ்த்துவிட, பூனை திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு மிட்டாய்க் கடைக்குள் நுழைந்ததாம்.

சாயங்காலம் நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விஷயத்தைச் சொன்னேன். பாராட்டு வரும் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அம்மா இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தாள். "பூனையக் கொண்டு விட்டாச்சா" என்றாள். என்னிடம் கேட்கிற மாதிரி இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. அப்பா அண்ணாந்து கம்பியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கம்பியில் ஒரு துண்டம்கூடக் குறையவில்லை. அப்பா சாயங்காலம் வந்து உட்கார்ந்து பார்ப்பார். எல்லாம் இருக்கும். அவர் தலையை ஆட்டுவதில்லை. அம்மா சுளகை மதில்மேல் வைப்பதை விட்டுவிட்டாள். பாத்திரங்களை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நங்கு நங்கென்று சத்தம் வந்தது. நான் எதிரில் வந்தால், "புத்தகத்த எடுத்துப் படிக்க வேண்டியதுதான, என்ன இங்கன சுத்துத" என்று எரிந்து விழுந்தாள். ஒருநாள் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றாள். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அக்கா இரண்டு வயதுப் பிள்ளையாம். அம்மா இடுப்பை விட்டு இறங்கவே மாட்டாளாம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சாறு வாசம் நின்றுவிட்டது. பிள்ளை அழுகிற சத்தம் கூடியது. பால் பற்றவில்லை என்று பெரியம்மா யாரிடமோ சொல்வது கேட்டது. பிள்ளைகளா, இன்றைக்கு நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்கிறானே உங்கள் அத்தான், அவன்தான் அந்தப் பிள்ளை. அன்றைக்கு ஒரு முழம்கூட இருந்திருக்க மாட்டான். குரல் மட்டும் ஆலைச் சங்கு மாதிரி இருந்தது. நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து ஆரம்பிப்பான். அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு வாசலுக்குப் போய் இருட்டைப் பார்த்து நிற்பார்.

இப்படி அழுத ஒரு ராத்திரிக்கு மறுநாள், அப்பா கொல்லரிடம் கலப்பைக்குக் கொழு தட்டிக்கொண்டு வருகிறேன் என்று நாகலாபுரம் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். கையில் கொழு இருந்தது. தோளில் துண்டு இல்லை. துண்டு ஒரு மூட்டையாகக் கக்கத்தில் இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அதை அவிழ்த்தார். உள்ளே ஒரு பூனைக்குட்டி.

பூனைக்குட்டி என்றால் என் உள்ளங்கை அளவு. கண் திறந்து பத்து நாள் ஆகியிருக்குமோ என்னவோ. நிற்கப் பார்த்தது, கால் நாலும் நாலு பக்கம் போனது, அப்படியே உட்கார்ந்துகொண்டது. பூனை என்றாலே காலால் எத்துகிற மனுசன் எங்கள் அப்பா. நான் அவரையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அம்மாவும் பார்த்தாள். "இது எதுக்கு?" என்றாள்.

"வீட்டுல எலி பெருத்துப் போச்சு" என்றார் அப்பா. கொழுவை எடுத்து அதன் முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "பாத்து இருந்துக்கோ. குடுத்தவரு சொன்னாரு, இது பழசவிடப் பெரிய களவாணியாம். சின்னத் துண்டத்தையெல்லாம் தொடாதாம். தொடைக்கறியாப் பாத்துத்தான் தூக்குமாம்."

அம்மா திரும்பிக்கொண்டு, அடுப்பில் ஒரு கை உமியைப் போட்டாள். அப்போது அடுப்பில் தணலே இல்லை, புகையும் வரவில்லை. ஆனாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, இதையும் மாமாகிட்டக் குடுத்து விட்டுருவமா?" என்று கேட்டேன். ஒரு களவாணியை ஒழித்த கையோடு இன்னொன்றை வீட்டுக்குள் கொண்டு வந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"இதத் தொட்டேன்னா தோலை உரிச்சுருவேன்" என்றார் அப்பா. அவ்வளவு சாந்தமாக அவர் என்னை மிரட்டியதே இல்லை.

மறுநாள் காலையில் வானம் இன்னும் கறுத்துக் கிடந்தது. அம்மா சுளகில் மிளகாய் பரப்பி மதில்மேல் வைத்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையைக்கூட இறக்காமல் அடுப்படிக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். கம்பியின் நடுவில் இருந்த பெரிய தொடை, நான் எனக்கென்று மனதுக்குள் குறித்து வைத்திருந்த தொடை, அங்கே இல்லை. மத்தியானமே வேலை முடிந்திருக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் மிளகுச்சாறு வாசம் ஆறி அடங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைச் சத்தம் இல்லை.

பூனைக்குட்டி அணைந்த அடுப்புச் சாம்பலுக்குள் சுருண்டு தூங்கியது. தூக்கி நிறுத்தினேன். அடுப்பு மேட்டில் ஏறப் பார்த்தது, வழுக்கிச் சாம்பலிலேயே விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. நான் அதையும் பார்த்தேன், விட்டத்துக் கம்பியையும் பார்த்தேன். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாம் இல்லாத நேரத்தில் அவ்வளவு உயரம் தாவி, அவ்வளவு பெரிய தொடையைத் தூக்கிக்கொண்டு, மதிலையும் தாண்டிப் போய்க் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதது மாதிரி தூங்குகிறதே இந்தப் பொடியன்!

கோபமெல்லாம் போய்விட்டது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கைக்காரனிடம் பெருமையாகச் சொன்னேன், எங்கள் வீட்டுப் பூனை மாதிரி இந்த உலகத்திலேயே கிடையாது என்று. அவன் நம்பவில்லை. நம்பாவிட்டால் போ, எங்கள் அப்பா நாகலாபுரம் முழுக்கத் தேடித் தேடி வாங்கி வந்த பூனை அது என்றேன்.